புதிதாகக் கட்டுவதற்கு முன், இருப்பது உங்கள் கைக்கு வரட்டும்

கேள்வி: காவிரிக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து நண்பர்கள் சிலர் சேர்ந்து காலாண்டு இலக்கிய இதழ் நடத்திவருகிறோம். நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். 2014-இல் எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் வேர்டுபிரஸ் என்ற தளமமைக்கும் மென்பொருளில் இதழுக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்தார். இன்று அதில் அறுநூறுக்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. அவர் வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகு, படைப்புகளை ஏற்றுவதைத் தவிர வேறு எதையும் நாங்கள் தொட்டதில்லை. டொமைன் என்னும் இணைய முகவரி, ஹோஸ்டிங் என்னும் தள இடவாடகை இரண்டுக்கும் ஆண்டுதோறும் அவருக்குப் பணம் அனுப்பிவிடுகிறோம். ஓராண்டாகத் தளம் மிக மெதுவாகத் திறக்கிறது. கூகுளில் இதழின் பெயரைத் தேடினால், எங்கள் முகவரியிலேயே ஜப்பானிய எழுத்தில் விற்பனைப் பக்கங்கள் வருகின்றன. தளத்துக்குள் போய்ப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு படைப்பின் இணைப்பை அனுப்பினால், அது புரியாத எண்ணும் எழுத்துமாகத் திரையை நிறைத்துவிடுகிறது. ஒரு நிறுவனத்தார், வேர்டுபிரஸ்ஸே பாதுகாப்பற்றது என்று சொல்லி, தங்கள் சொந்த மென்பொருளில் புதிதாகச் செய்து தர முன்வந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் தொகை எங்கள் இரண்டாண்டு அச்சுச் செலவுக்கு இணையானது. 2014-க்கு முந்தைய இதழ்களையும் ஏற்ற ஆசை. அவை பாமினி எழுத்துருவில் வடிவமைக்கப்பட்டவை. நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்பிற்குரிய ஐயா,

வணக்கம். அந்தத் தொகையை இப்போது எவருக்கும் கொடுக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் உள்ள தொல்லைகளில் ஒன்றுகூட, வேர்டுபிரஸ்ஸைக் கைவிட்டு வேறொரு மென்பொருளுக்கு மாறினால்தான் தீரும் என்ற வகையைச் சேர்ந்தது அன்று. அவை அனைத்துக்கும் வேர், பல ஆண்டுகளாக அந்தத் தளத்துக்குப் பொறுப்பாளர் ஒருவரும் இல்லை என்பதே. பொறுப்பாளர் இல்லாமல் விடப்பட்டால், புதிதாகச் செய்து தரப்படும் தளமும் சில ஆண்டுகளில் இதே நிலைக்கு வந்து நிற்கும். அப்போது அதைச் சரிசெய்ய அந்த ஒரு நிறுவனத்தைத் தவிர வேறு எவரிடமும் நீங்கள் போக முடியாது.

வேர்டுபிரஸ் பாதுகாப்பற்றது என்று அவர்கள் சொல்வதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவர் 2003 மே மாதத்தில் வெளியிட்ட இம்மென்பொருள், எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை தரும் ஜிபிஎல் உரிமத்தில் இன்றுவரை வளர்ந்துவருகிறது. 2013 அக்டோபரில் வெளிவந்த 3.7 பதிப்பிலிருந்து, சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே தளத்தில் ஏறிக்கொள்ளும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. ஊடுருவல்களில் பெரும்பாலானவை மைய மென்பொருளின் வழியாக நடப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாத பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்), காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் நிரல்தொகுதி) ஒன்றை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் இடங்களிலிருந்து இறக்கிய திருட்டுப் பிரதிகள், எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்கள் ஆகியவற்றின் வழியாகவே அவை நடக்கின்றன. உங்கள் தளத்தின் தீம் எங்கிருந்து வந்தது என்று அந்த இளைஞரிடம் மறைமுகம் இல்லாமல் கேளுங்கள். அவரைக் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் இதழுக்கு அவர் செய்தது பெரிய உதவி. அந்த நன்றியோடு கேட்டால் உண்மையைச் சொல்வார், அந்த உண்மை துப்புரவுப் பணியைப் பாதியாகக் குறைக்கும்.

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசை முக்கியம்.

எல்லாவற்றுக்கும் முன்பாக டொமைன் உங்கள் இதழின் பெயருக்கு வர வேண்டும். வேறொருவர் பெயரில் பட்டா இருக்கும் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பதைப் போன்றது உங்கள் இப்போதைய நிலை. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நிலை நிலைதான். அவருடைய மின்னஞ்சல் மாறிப்போனாலோ, கடன் அட்டை காலாவதியானாலோ, புதுப்பிப்பு நினைவூட்டல் எவர் கண்ணிலும் படாமல் போய்விடும். உங்கள் முகவரி டாட்காமில் முடிகிறது என்று வைத்துக்கொண்டால், காலாவதிக்குப் பிந்தைய சலுகை நாட்களும் கடந்த பிறகு 30 நாட்கள் மீட்புக் காலம் உண்டு. அதற்குள் மீட்பதற்கும் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதன் பின் 5 நாட்களில் பெயர் நீக்கப்பட்டு, உலகில் எவர் வேண்டுமானாலும் வாங்கக்கூடியதாகிவிடும். பழைய இணைப்புகளும் நற்பெயரும் உள்ள முகவரிகளை அந்த நொடியில் பிடிப்பதற்கென்றே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இதழுக்கென ஒரு பொது மின்னஞ்சலைத் தொடங்கி, அதன் கடவுச்சொல்லை ஆசிரியர் குழுவில் குறைந்தது இருவர் அறிந்திருக்கும்படி செய்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். பிறகு அந்த மின்னஞ்சலைக் கொண்டு, டொமைன் இப்போது எந்தப் பதிவாளரிடம் (டொமைன்களைப் பதிவுசெய்து தரும் நிறுவனத்திடம்) இருக்கிறதோ அதே பதிவாளரிடம் புதிய கணக்கு ஒன்றைத் திறந்து, அவருடைய கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். வேறு பதிவாளருக்கு மாற்றுவதைவிட இது எளிது. உரிமையாளர் விவரம் மாறிய டாட்காம் முகவரியை வேறு பதிவாளரிடம் கொண்டுபோவதற்கு 60 நாட்கள் தடை விதிக்கப்படுவதும் உண்டு என்பதால், முதல் அடியைச் சிறியதாக வைத்துக்கொள்வது நல்லது. ஹோஸ்டிங் கணக்கையும் இதே வழியில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கணக்குகள் கைக்கு வந்த அன்றே முழுமையான ஒரு பேக்கப் எடுக்கப்பட வேண்டும். இங்கே பலரும் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. வேர்டுபிரஸ்ஸின் கருவிகள் பட்டியலில் ஏற்றுமதி என்ற வசதியைப் பார்த்து, அதை அழுத்தினால் வரும் கோப்பே தளம் முழுவதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கோப்பில் படைப்புகளின் எழுத்துப் பகுதியும் அவற்றின் வகைகளும் கருத்துரைகளும் இருக்கும். படங்களோ தீமோ பிளகின்களோ அமைப்புகளோ இருக்காது. படங்களின் முகவரி மட்டுமே அதில் பதிந்திருக்கும் என்பதால், பழைய சர்வர் (தளம் இயங்கும் கணினி) நின்றுபோனால் அப்படங்களும் போய்விடும். முழு பேக்கப் என்பது, எழுத்தும் அமைப்புகளும் சேமிக்கப்பட்டுள்ள தரவுத்தளத்தின் நகலும், சர்வரில் உள்ள அத்தனை கோப்புகளும் சேர்ந்தது. ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்தே இரண்டையும் இறக்கிக்கொள்ளலாம். இந்த நகலில் ஊடுருவியவர்கள் விட்டுச்சென்ற நிரலும் இருக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் இது வேண்டும், ஏனெனில் துப்புரவின்போது தவறி ஏதேனும் அழிந்தால் உங்கள் அறுநூறு படைப்புகளுக்கும் இதுவே காப்பு. "தூய்மை செய்யப்படாதது" என்று தெளிவாகப் பெயரிட்டுத் தனியே வையுங்கள்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2014-இலும் அதற்கு முன்பும் நிறுவப்பட்ட சில தளங்களில் தரவுத்தளத்தின் எழுத்துக்குறியீடு ஒன்றாகவும், வேர்டுபிரஸ் அதனோடு பேசும் குறியீடு வேறொன்றாகவும் இருப்பதுண்டு. தளம் நிறுவப்பட்ட இடத்திலேயே இருக்கும்வரை இது வெளியே தெரியாது. நகலெடுத்து வேறு சர்வரில் ஏற்றும்போதுதான் தமிழ் முழுவதும் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகவோ வெறும் கேள்விக்குறிகளாகவோ மாறும். இலத்தீன் எழுத்துகளாக மாறியிருந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம், ஏனெனில் மூல எண்கள் உள்ளே அப்படியே இருக்கும். கேள்விக்குறிகளாக மாறியிருந்தால் அந்த நகலில் உங்கள் எழுத்து அழிந்துவிட்டது என்று பொருள். எனவே, எடுத்த நகலை வேறொரு சோதனைத் தளத்தில் ஏற்றி, பத்துப் படைப்புகளையாவது திறந்து படித்துப் பார்க்காமல், பழைய சர்வரில் எதையும் நீக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.

இப்போது ஜப்பானிய எழுத்துகள். இது உங்களுக்கு மட்டும் நேர்ந்தது அன்று. கூகுள் நிறுவனமே இதற்குத் தனிப் பெயரிட்டு வழிகாட்டுதல் எழுதியிருக்கும் அளவுக்குப் பரவலான தாக்குதல். ஊடுருவியவர்கள் உங்கள் தளத்தின் நற்பெயரைக் கொண்டு தங்கள் விற்பனைப் பக்கங்களைத் தேடலில் மேலே கொண்டுவருகிறார்கள். வந்திருப்பது கூகுளின் தேடுபொறி என்று தெரிந்தால் ஒரு பக்கத்தையும், மனிதர் என்று தெரிந்தால் வேறொரு பக்கத்தையும் காட்டும்படி நிரல் எழுதியிருப்பதால்தான் உங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இத்தாக்குதலில் இன்னொரு தந்திரமும் உண்டு: தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சேர்ச் கன்சோல் என்ற கருவியில் தங்களையும் தளத்தின் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வார்கள். நீங்கள் அக்கருவியில் இதழின் பொது மின்னஞ்சலைக் கொண்டு பதிவுசெய்து, பயனர் பட்டியலில் அறிமுகமற்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தப் பெயரை மட்டும் நீக்கினால் போதாது. உரிமையாளர் என்பதற்குச் சான்றாக அவர்கள் சர்வரில் வைத்துள்ள சரிபார்ப்புக் கோப்பையும் நீக்க வேண்டும். இல்லையென்றால் மீண்டும் உரிமையாளராகிவிடுவார்கள்.

துப்புரவை அனுபவமுள்ள ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஆனால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். கெட்ட வரிகளைத் தேடித் தேடி அழிப்பது சரியான முறை அன்று, எங்கேனும் ஒன்று மிஞ்சிவிடும். வேர்டுபிரஸ்ஸின் மையக் கோப்புகள், பிளகின்கள், தீம் அனைத்தையும் அடியோடு நீக்கிவிட்டு, அதிகாரபூர்வமான இடத்திலிருந்து புதிதாக இறக்கி வைப்பதே முறை. பழையதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டுதான்: தரவுத்தளம், படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் அடைவு. அந்த அடைவில் படங்களும் ஆவணங்களும் மட்டுமே இருக்க வேண்டும். வேர்டுபிரஸ் எழுதப்பட்டுள்ள பிஎச்பி மொழியில் நிரல் கோப்பு ஒன்று இருந்தாலும் அதைச் சந்தேகத்துக்குரியதாகவே கொள்ள வேண்டும். தரவுத்தளத்தில் அறிமுகமற்ற நிர்வாகிகள் இருக்கிறார்களா என்றும், படைப்புகளின் இடையே நிரல் வரிகள் செருகப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அமைப்புக் கோப்பில் உள்ள இரகசியச் சாவிகளையும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றினால், இதற்கு முன் உள்நுழைந்திருந்த அனைவரும் ஊடுருவியவர் உட்பட வெளியேற்றப்படுவார்கள். இறுதியாக, எல்லாக் கடவுச்சொற்களும் ஹோஸ்டிங்கிலிருந்து மின்னஞ்சல் வரை மாற வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஜப்பானியப் பக்கங்கள் தேடலில் சில காலம் தெரிந்துகொண்டிருக்கும். பதற வேண்டாம். அப்பக்கங்களின் முகவரிக்கு இப்போது "இல்லை" என்ற விடை, அதாவது 404 அல்லது 410, கிடைக்கும்படி இருந்தால், கூகுள் மீண்டும் வந்து பார்த்து ஒவ்வொன்றாக நீக்கிவிடும். இதை விரைவுபடுத்த நினைத்து, தேடுபொறிகள் எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் அம்முகவரிகளைத் தடுத்துவிடுபவர்கள் உண்டு. அது எதிர்விளைவையே தரும்: தேடுபொறி உள்ளே வந்து பார்க்க முடியாவிட்டால், பக்கம் போய்விட்டது என்பதை அது எப்படி அறியும்? சேர்ச் கன்சோலின் பாதுகாப்புச் சிக்கல்கள் பகுதியில் எச்சரிக்கை ஏதேனும் இருந்தால் மட்டும், துப்புரவு முடிந்தபின் மறுஆய்வு கோருங்கள்.

தளம் மெதுவாகத் திறப்பதற்கு, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய திரைப்பிடிப்புகளில் இரண்டு காரணங்கள் தெரிகின்றன. பிளகின்கள் முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. முகப்பில் இதழ் அட்டைகள் வருடியில் (ஸ்கேனரில்) எடுத்த அளவிலேயே ஏற்றப்பட்டு, ஓடும் படவரிசையாகச் சுழல்கின்றன. கதையும் கவிதையும் படிக்க வருபவருக்கு அந்தப் படவரிசையால் பயனில்லை, நீக்கிவிடலாம். அட்டைப்படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து ஏற்றினால் போதும். 5.3 பதிப்பிலிருந்து, 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படங்களை வேர்டுபிரஸ் தானே சிறிதாக்கிக்கொள்கிறது என்றாலும், அதற்கு முன் ஏற்றியவை பழைய பருமனிலேயே இருக்கும். பிளகின்களைப் பொறுத்தவரை, ஒவ்வொன்றின் எதிரிலும் "இது இல்லாவிட்டால் வாசகருக்கு என்ன குறையும்?" என்று எழுதிப் பாருங்கள். விடை கிடைக்காதவற்றை நீக்குங்கள். செயலிழக்கச் செய்வது நீக்குவதாகாது. கோப்புகள் சர்வரிலேயே இருக்கும்வரை ஓட்டையும் இருக்கும். பக்கங்களைச் சேமித்து வைத்துத் தரும் கேஷ் பிளகின் ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று, தேடுபொறி விவரங்களுக்கு ஒன்று, படைப்பு அனுப்பும் படிவத்துக்கு ஒன்று என நான்கைந்தில் உங்கள் இதழ் நன்றாக நடக்கும். கைப்பேசியில் ஒரு பக்கத்தின் முதன்மைப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற அதன் இலவசக் கருவியில் உங்கள் முகவரியை இட்டு, மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சர்வரில் உள்ள பிஎச்பி பதிப்பும் பழையதாகவே இருக்கக்கூடும். 7.4 பதிப்புக்கான பாதுகாப்பு ஆதரவே 2022 நவம்பரில் முடிந்துவிட்டது. ஆனால் எடுத்த எடுப்பில் பிஎச்பியை உயர்த்தினால் பழைய பிளகின்கள் முறிந்து, தளம் வெள்ளைத் திரையாகலாம். சோதனைத் தளத்தில் முதலில் வேர்டுபிரஸ்ஸையும் தீமையும் பிளகின்களையும் புதுப்பித்து, அதன்பின் பிஎச்பியை உயர்த்திப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் உண்மைத் தளத்தில் செய்யுங்கள். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து எழுதும் பலகையின் தோற்றம் முற்றிலும் மாறிவிட்டது. உங்கள் பழைய படைப்புகள் அதனால் சிதையமாட்டா. அவை பழைய வடிவிலேயே ஒரே தொகுதியாகத் திறக்கும்.

உங்கள் இணைப்புகள் ஏன் அப்படி நீள்கின்றன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தமிழில் தளம் நடத்துபவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. தலைப்பைத் தமிழில் எழுதி வெளியிட்டால், வேர்டுபிரஸ் அத்தலைப்பையே முகவரியாக்கிக்கொள்கிறது. யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் ஒரு தமிழ்க் குறி (புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும்) மூன்று பைட் இடம் பிடிக்கும். பைட் என்பது கணினிச் சேமிப்பின் அலகு. முகவரிக்காக அதைக் குறியீடாக்கும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகி, ஒரு குறி ஒன்பது எழுத்தாக விரிகிறது. வாட்ஸ்அப்பில் நீங்கள் பார்ப்பது அந்த விரிவைத்தான். நீளம் கண்ணுக்கு உறுத்துவதோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முகவரியைச் சேமிக்க வேர்டுபிரஸ் ஒதுக்கியிருக்கும் இடம் 200 எழுத்து மட்டுமே என்பதால், ஏறத்தாழ 22 குறிகளுக்கு மேல் அது தலைப்பை வெட்டிவிடுகிறது. "தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்கள்" என்ற தலைப்பு, முகவரியில் "ஓவி" என்பதோடு நின்றுவிடும். ஒரே சொற்களில் தொடங்கும் தொடர் கட்டுரைகளாக இருந்தால், எல்லாம் ஒரே முகவரிக்கு வந்து, கடைசியில் 2, 3 என்ற எண்களால் மட்டும் வேறுபடும். எனவே இனி வெளியிடும் ஒவ்வொரு படைப்புக்கும், வெளியிடுவதற்கு முன்பே, முகவரிப் பகுதியில் இலத்தீன் எழுத்தில் இரண்டு மூன்று சொற்களைக் கையால் எழுதிவிடுங்கள். தலைப்பு தமிழில்தான் இருக்கும். வாசகர் படிப்பதும் தேடுவதும் தலைப்பைத்தான். ஏற்கெனவே உள்ள அறுநூறு முகவரிகளை மாற்ற வேண்டாம். பத்தாண்டுகளாக எத்தனையோ பேர் தங்கள் கட்டுரைகளிலும் மடல்களிலும் அவற்றைச் சுட்டியிருப்பார்கள். புதுத் தளம் செய்து தருகிறோம் என்பவர்கள் பொதுவாக முதலில் உடைப்பது இந்தச் சுட்டிகளைத்தான் என்பதால், இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

அமைப்புகளில் தளத்தின் மொழி தமிழ் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பார்வையற்ற வாசகர்களின் திரைவாசிப்பான், பக்கத்தைத் தமிழாக அறிந்து படிப்பதற்கு அந்தக் குறிப்பு உதவுகிறது.

அடுத்து, அறுநூறு படைப்புகளை வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்பது. இப்போது உங்கள் தளத்தில் வகைகள் எழுபதுக்கும் மேல் இருப்பதும் அத்திரைப்பிடிப்புகளில் தெரிகிறது. அவற்றில் எழுத்தாளர் பெயர்களும் இதழ் எண்களும் சிறுகதை, கவிதை போன்றவையும் கலந்து கிடக்கின்றன. வகை என்பதை இலக்கிய வடிவத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இதழ், எழுத்தாளர் ஆகிய இரண்டுக்கும் தனித்தனி வகைப்பாடுகளை உருவாக்கச் சொல்லுங்கள். வேர்டுபிரஸ்ஸில் இதற்கு வசதி இருக்கிறது. எழுத்தாளர் ஒவ்வொருவருக்கும் பயனர் கணக்கு திறப்பது சிலருடைய வழக்கம். அது வேண்டாம், இருநூறு எழுத்தாளர்களுக்கு இருநூறு உள்நுழைவுகள் என்றால் இருநூறு கதவுகள் திறந்திருக்கின்றன என்று பொருள், மறைந்த எழுத்தாளர் ஒருவருக்குக் கணக்கு திறப்பதிலும் பொருளில்லை. இந்த வகைப்பாடுகளைத் தீமுக்குள் எழுதாமல் தனியே சிறு பிளகினாக எழுதச் சொல்லுங்கள். நாளை தீமை மாற்றினாலும் அவை நிலைக்கும். எழுத்தாளர் பெயரை எழுதும் முறையையும் ஆசிரியர் குழு ஒருமுறை முடிவுசெய்துவிட வேண்டும். தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளியா, புள்ளியும் இடைவெளியுமா என்பது ஒரே சீராக இல்லாவிட்டால், ஒருவரே மூவராகப் பட்டியலில் நிற்பார். தமிழாசிரியரான உங்களைவிட இதைச் சரியாகச் செய்யக்கூடியவர் எவரும் இல்லை.

பழைய இதழ்கள் பற்றி. பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. கணினிக்கு அது தமிழே அன்று. அந்தப் பிடிஎஃபை அப்படியே ஏற்றினால் மனிதர் படிக்கலாம், ஆனால் தேடலில் ஒரு சொல்லும் கிடைக்காது. பக்க வடிவமைப்புச் செய்த மூலக் கோப்புகள் அச்சகத்திலோ வடிவமைப்பாளரிடமோ இருந்தால் முதலில் அவற்றைச் சேகரியுங்கள். பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் எழுத்துமாற்றிகளுக்குப் பிடிஎஃபைவிட மூலக் கோப்பே நல்ல விளைவைத் தரும். அச்சுப் பிரதி மட்டுமே எஞ்சியிருந்தால், வருடியில் எடுத்து, படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரி வழியாகப் பெறலாம். கூகுள் டிரைவிலும், டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளிலும் தமிழுக்கு அந்த வசதி உண்டு. எந்த வழியில் பெற்றாலும் மெய்ப்பு பார்த்தே ஆக வேண்டும். அப்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழையையும் கருதுங்கள். பழைய எழுத்துருக்களில் "கொ" என்பது கொம்பு, ககரம், கால் என மூன்றாகத் தட்டப்பட்டது. சில மாற்றிகள் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவே விட்டுவிடுகின்றன. யூனிகோடில் ஒகரத்துக்குத் தனிக் குறி உண்டு. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் வேர்டுபிரஸ்ஸின் தேடல் குறிக்குக் குறி ஒப்பிடுவதால், வாசகர் தன் கைப்பேசியில் "கொற்றவை" என்று தட்டித் தேடினால் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக உள்ள வடிவம் அகப்படாது. எல்லா உரையையும் ஏற்றும் முன் யூனிகோடு இயல்பாக்கத்துக்கு, என்எஃப்சி என்ற வடிவுக்கு, உட்படுத்தச் சொன்னால் இது தீரும். நிரலர் ஒருவருக்கு இது மிகச் சிறிய வேலை. "ஔ" என்பதில் ளகரத்தைப் பயன்படுத்தியிருப்பதை மட்டும் மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரே ஆண்டில் முடிக்க முயலாதீர்கள். ஒவ்வொரு புதிய இதழோடும் ஒரு பழைய இதழ் என்று வைத்துக்கொண்டால், மெய்ப்புக்கும் நேரம் இருக்கும், வாசகருக்கும் எதிர்பார்ப்பு இருக்கும்.

பொறுப்பைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். அதை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதையும் சொல்ல வேண்டும். நிர்வாகி உரிமை இருவருக்கு மட்டும் இருக்கட்டும். ஆசிரியர் குழுவினருக்கு எடிட்டர் உரிமை போதும். எல்லாப் படைப்புகளையும் திருத்தவும் வெளியிடவும் முடியும், பிளகின்களையோ தீமையோ தொட முடியாது. தட்டச்சு செய்து உதவும் மாணவர்களுக்குக் கான்ட்ரிபியூட்டர் உரிமை கொடுக்கலாம். அவர்கள் எழுதிவைக்கலாமே தவிர வெளியிட முடியாது. படங்களை ஏற்றும் உரிமையும் அந்நிலையில் இல்லை என்பதால், படங்களைக் குழுவில் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். உங்கள் இதழ் காலாண்டுக்கு ஒருமுறை வருவதால், இதழ் அச்சுக்குப் போன மறுநாளைத் தளத்துக்கான நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று புதுப்பிப்புகளைப் பார்ப்பது, பேக்கப்பைச் சோதனைத் தளத்தில் மீட்டுப் பார்ப்பது, பயனர் பட்டியலையும் சேர்ச் கன்சோலையும் ஒருமுறை நோக்குவது ஆகியவற்றைச் செய்யலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது, 5.5 பதிப்பிலிருந்து பிளகின்களுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பை நிர்வாகப் பலகையிலேயே இயக்கிவிட முடியும் என்பதால், நீங்கள் வைத்துக்கொள்ளும் அந்த நான்கைந்துக்கும் அதை இயக்கிவிடுங்கள்.

நிறுவனத்தாருக்கு என்ன சொல்வது என்று தயங்குவீர்கள். இன்றுள்ள தளத்தைத் துப்புரவு செய்து, மேலே சொன்ன மாற்றங்களைச் செய்துதர முடியுமா என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். முடியுமென்றால் நியாயமான தொகை பேசலாம். சொந்த மென்பொருள்தான் என்று வற்புறுத்தினால், மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை கேளுங்கள்: எங்கள் படைப்புகள் அனைத்தையும் படங்களோடு நாங்கள் விரும்பும்போது எந்த வடிவில் வெளியே எடுக்கலாம்? மென்பொருளின் மூல நிரல் எங்களுக்குத் தரப்படுமா? அறுநூறு பழைய முகவரிகளும் புதிய பக்கங்களுக்கு 301 வழிமாற்றம் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு) பெறுமா? மூன்றுக்கும் தெளிவான விடை வராத நிலையில் கையொப்பமிடாதீர்கள். துப்புரவுக்கு வேறு ஒருவரைத் தேட வேண்டியிருந்தாலும் கவலை வேண்டாம். வேர்டுபிரஸ் அறிந்தவர்கள் தஞ்சையிலும் திருச்சியிலும் இருக்கிறார்கள், உங்கள் மாவட்டக் கல்லூரிகளிலிருந்தும் ஆண்டுதோறும் உருவாகிறார்கள். அப்படி ஒருவரை அமர்த்தும்போது, நிர்வாகி உரிமையைத் தனிக் கணக்காகக் கொடுத்து, வேலை முடிந்த அன்று அந்தக் கணக்கை நீக்கிவிடுங்கள்.